பாத்துட்டம்மா

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த எஞ்சினியரம்மாவிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "பாத்துட்டு சொல்றேன்க்கா." இன்றைக்கு மழை வருமா? பாத்துட்டு சொல்றேன்க்கா. என் மகள் கட்டியிருக்கிற சேலை எப்படி? மகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்டால், நாம் சாப்பிட்டு எழுந்து கை கழுவுகிற நேரத்தில் "கொஞ்சம் தூக்கல்" என்பாள். இருக்கிற எரிச்சலில் கரண்டியாலேயே ஒன்று போடலாம் என்று தோன்றும்.

ஊரில் அவளுக்கு 'பாத்துட்டம்மா' என்று பேர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. தர்மபுரிப் பக்கத்துப் பெண். இப்போது எந்த ஊர் வாய்க்கால் கரையில் நிற்கிறாளோ, என்னத்தைக் குனிந்து பார்க்கிறாளோ. சாரல் பிடிக்கும்போதெல்லாம் அவள் நினைப்பு வந்துவிடும் எனக்கு.

வந்ததே ஒரு சாரல் சமயத்தில்தான். தென்காசியில் வீடு கிடைக்காமல் எங்கள் ஊருக்கு வந்து மாடியைக் கேட்டாள். என்ன வேலை என்று கேட்டேன். வாய்க்காலில் விடுகிற தண்ணீரில் எவ்வளவு வழியிலேயே காணாமல் போகிறது என்று அளக்க வேண்டுமாம். "இதுக்கு ஒரு எஞ்சினியரா? எங்க ஊர்ல சின்னப் புள்ளையக் கேட்டாக்கூடச் சொல்லுமே, யாரு திருடுதான்னு" என்றேன். சிரித்தாள். "பாத்துட்டு சொல்றேன்க்கா" என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வாரமே அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனேன். இவ்வளவு தூரம் வந்தவள் அருவியில் குளிக்காமல் இருந்தால் நமக்கல்லவா கேவலம். கூட்டமான கூட்டம். எண்ணெயும் சீயக்காயும் மணக்க மணக்கப் பெண்கள் வரிசையில் இடித்துக்கொண்டு உள்ளே போய்த் தலையைக் கொடுத்தோம். வெளியே வந்தவள் பல் கிடுகிடுக்கக் கேட்டாள். "இவ்வளவு தண்ணி இங்க விழுதேக்கா, உங்க தம்பி வயலுக்கு ஏன் போய்ச் சேரல?" எனக்கு முகம் தொங்கிவிட்டது. வாங்கிய நேந்திரங்காய் வற்றலைக்கூட நான் தொடவில்லை.

தம்பி கதையை நான்தான் முதல் நாளே அவளிடம் கொட்டியிருந்தேன். எங்கள் ஊர் வாய்க்காலின் தலைமாட்டில் இருக்கிறது. அணைக்கட்டில் பிரிகிற தண்ணீர் முதலில் எங்களுக்கு வரும். என் தம்பி ஊர் சுந்தரபாண்டியபுரம் போகிற வழியில், வாய்க்காலின் கால்மாட்டில், கடைமடை. அங்கே போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் அரைஞாண் கயிறு மாதிரி மெலிந்துவிடும். நெல் நட முடியாமல் அவன் சூரியகாந்தி போட்டான். அதில் நின்று போட்டோ எடுக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். "எக்கா, என் வயித்தெரிச்சல் பூத்து நிக்கு, இவனுவ பல்லக் காட்டிக்கிட்டு படம் எடுக்கானுவ" என்று போனில் கத்துவான்.

ஒரு வருஷம் பொறுக்க மாட்டாமல் வாய்க்கால் கரையில் வந்து நின்று, எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, "அத்தான்னு பாக்குதேன், இல்லேன்னா தண்ணித் திருடன்னுதான் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டான். அவர் சும்மா இருப்பாரா? "கூப்பிட்டுத்தான் பாரேம்லே" என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். அன்றோடு தம்பி எங்கள் வீட்டு வாசல் மிதிப்பதை நிறுத்தினான். பொங்கல்படிச் சீர் மட்டும் பஸ் கண்டக்டர் கையில் வரும். கரும்பையும் பானையையும் பஸ்ஸ்டாண்டில் போய் நான் வாங்கி வருவேன். எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவன் ஒருத்தன்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் எனக்கு ராவெல்லாம் இதே கவலை. தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் என் மகள் எப்படி மணவறைக்குப் போவாள்?

மாப்பிள்ளை விஷயத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். செங்கோட்டையில் பைப்புக் கடை வைத்திருக்கிற பையன் ஜாதகம் வந்தது. எல்லாரும் தங்கம் என்றார்கள். நான் பாத்துட்டம்மாவிடம் கேட்டேன். "பாத்துட்டு சொல்றேன்க்கா" என்றாள். மறுநாள் சாயங்காலம் கையில் ஒரு பைப்புத் துண்டோடு வந்தாள். கடைக்கே போயிருக்கிறாள்! "இது வெயில்ல எத்தனை வருஷம் தாங்கும்னு கேட்டேன்க்கா. தெரியலைங்க, விசாரிச்சு சொல்லுதேன்னார். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற ஆள். குடுக்கலாம்." அந்த ஒரு வார்த்தைக்கு மேல் நான் யாரிடமும் கேட்கவில்லை.

இனி எங்கள் கிணறு.

வாய்க்கால் கரைக்குக் கீழே, புறவாசலில் இருக்கிறது. ஊரில் எல்லாக் கிணறும் சித்திரையில் சேற்றைக் காட்டினாலும் எங்கள் கிணறு காட்டாது. கிணற்றடியில் ஒரு அம்மன் கல் உண்டு. வருஷா வருஷம் ஆனியில் கிணற்றில் ஊற்று சடசடவென்று ஏறும். "அம்மன் கண்ணத் தொறந்துட்டா" என்று சொல்லிக் கல்லுக்கு மஞ்சள் பூசிப் பொங்கல் வைப்போம். தெருவே வந்து கும்பிட்டுவிட்டுப் போகும். அந்தப் பெருமையில் எனக்கு நடையே கொஞ்சம் மாறிவிடும் என்று என் மகள் கேலி செய்வாள்.

அந்தப் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டேதான் கேட்டாள் பாத்துட்டம்மா, பாவி மகள். "அக்கா, வாய்க்கால்ல தண்ணி விட்டு எவ்வளவு நாள் கழிச்சு அம்மன் கண்ணைத் திறப்பா?"

எனக்கு வந்ததே ஆத்திரம். "ஏட்டி, தின்னுத சோத்துக்காவது மரியாத வேண்டாமா? அம்மன் என்ன ஒங்க ஆபீசு மதகா, தொறந்து மூட?" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பிசான நெல் அறுப்பு முடிந்து, மாசியில் வாய்க்காலை அடைத்த பிறகு அளவு வேலையைத் தொடங்கினாள். எங்கள் ஊருக்கு மேலே வாய்க்காலில் ஒரு துண்டைப் பிடித்து, இரண்டு முனையிலும் மண்மூட்டை அடுக்கித் தார்ப்பாய் போட்டு அடைத்து, அணைக்கட்டிலிருந்து கொஞ்சம் தண்ணீர் வாங்கி நடுவில் தேக்கிவிட வேண்டியது. ஒரு அளவுகோலை நட்டு, தண்ணீர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டியது. இறங்குவதில் வெயில் குடிப்பது கொஞ்சம், மண் குடிப்பது மீதி. வெயில் குடிப்பது எவ்வளவு என்று தெரிய, பக்கத்தில் ஒரு தொட்டியிலும் தண்ணீர் வைக்க வேண்டும். ஆபீசிலிருந்து தொட்டி வந்தது. வந்த தொட்டி ஓட்டை. ஒழுகலை அளக்க வந்த தொட்டியே ஒழுகியதைப் பார்த்து ஊர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"அக்கா, வாய் அகலமா, அடி தட்டையா ஒரு பாத்திரம் கிடைக்குமா?" என்று வந்து நின்றாள். என்னிடம் இருந்தது என் கல்யாணத்துக்குத் தம்பி தலையில் சுமந்து வந்த பித்தளை அண்டா. யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்துக் கொடுத்துத் தொலைத்தேன்.

முதல் நாள் மத்தியானம் ஒரு ஆடு வந்து அண்டாவில் வாய் வைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் விரட்டிவிட்டு, "ரெண்டு மடக்குதான் குடிச்சிருக்கும். அதக் கழிச்சுக்கிடும்மா" என்றார்.

"அது ரெண்டு மடக்கா மூணு மடக்கான்னு எனக்குத் தெரியாதேண்ணா" என்றாள். அண்டாவைக் கவிழ்த்தாள். அன்றைய கணக்கு அத்தனையும் போச்சு. வாய்க்காலில் மறுபடி தண்ணீர் நிரப்பி முதலிலிருந்து தொடங்கினாள்.  எங்கள் வீட்டுக்காரர் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஊர்ப் பெரிய மனுஷர் அண்டாவுக்குக் காவல் இருக்கிறார் என்று நான் சிரித்தபோது முறைத்தார்.

அவள் செய்த இன்னொரு காரியம்தான் பெரிய காரியம். கடைமடைக்கு ஆள் அனுப்பி, "அளக்கும்போது நீங்களும் வந்து காவல் இருக்கணும். பிறகு மேமடைக்காரங்க திருடிட்டாங்கன்னு யாரும் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். வந்தது யார்? என் தம்பி. எதிர்க்கரையில் பனை மட்டையைப் போட்டு உட்கார்ந்தான். இந்தக் கரையில் அத்தான், அந்தக் கரையில் மச்சினன், நடுவில் தண்ணீர். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. நான் தூக்குச்சட்டியில் மோர் கொண்டுபோய் இரண்டு கரைக்கும் ஊற்றினேன். 

ராத்திரியும் இரண்டு கரையிலும் காவல் இருந்தார்கள். மறுநாள் காலையில் நான் போனபோது தம்பி அளவுகோலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து அதையே வெறித்துக்கொண்டிருந்தான். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. அண்டாவிலோ விரல் நகம் அளவுக்குத்தான் குறைந்திருந்தது.

"யாரும் தொடலியே" என்றான் தம்பி, தனக்குத்தானே பேசுகிற மாதிரி. "நான் கண்ண மூடலியே. எங்க போவுது?"

"மண்ணு குடிக்குதுலே" என்றார் எங்கள் வீட்டுக்காரர் இந்தக் கரையிலிருந்து. எத்தனையோ வருஷம் கழித்து அவர் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.  தம்பி எழுந்து போகவில்லை.

மண் குடித்தது எங்கே போனது என்பது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. அளவு தொடங்கிய அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிட்டுக் கிணற்றுச் சுவரில் தண்ணீர் தொடுகிற இடத்தில் மஞ்சளால் ஒரு கோடு போடச் சொல்லியிருந்தாள். "எதுக்குட்டி?" என்றதற்கு வழக்கமான பதில். மூன்றாம் நாள் வாளியை விடக் குனிந்தால் கோட்டைக் காணோம். தண்ணீர் அதை மூடிக்கொண்டு மேலே நின்றது. மாசி மாத வெயில், ஒரு பொட்டு மழை இல்லை, ஆனிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. கயிற்றைப் பிடித்தபடியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரைத்தான் இத்தனை வருஷமும் நான் பொங்கல் வைத்துக் கும்பிட்டிருக்கிறேன். அவன் சூரியகாந்தி போட்டு அழ, நான் இங்கே வத்தாத கிணறு என்று நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறேன். அவள் வேலை முடிந்து வந்ததும் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப்போனேன். "என் அம்மன ஒழுகலாக்கிட்டியேட்டி" என்று அழுதுவிட்டேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மன் இல்லைன்னு நான் சொன்னனாக்கா? தண்ணி எந்த வழியா வருதுன்னுதான் பாத்தேன்" என்றாள். கிணற்றுச் சுவரைத் தடவிக்கொண்டே, "எங்க ஊர்ல கிணத்துல தண்ணி கிடையாதுக்கா. லாரிதான். உங்க கிணத்தை வத்த விட எனக்கு மட்டும் மனசு வருமா?" என்றாள். அவள் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பங்குனியில் வாய்க்கால் கரைப் புங்க மரத்தடியில் இரண்டு ஊரும் கூடியது. கடைமடைக்காரர்கள் ஒரே பிடியாக நின்றார்கள், வாய்க்கால் முழுக்கச் சிமெண்டு பூச வேண்டும் என்று. எங்கள் தெருக்காரர்கள், "பூசிப் பாருங்க, எங்க பொணத்து மேல பூசுங்க" என்றார்கள். அவள் தன் வேலை சுலபமாக முடிய வேண்டும் என்று நினைத்திருந்தால் எங்கள் கிணற்றுப் பேச்சையே எடுத்திருக்க வேண்டாம். எடுத்தாள்.

"முழுக்கப் பூசினா கடைமடைக்குத் தண்ணி போகும். ஆனா கோடையில இந்தத் தெருக் கிணறெல்லாம் வத்திரும். பூசாம விட்டா இப்படியேதான். மேல பழைய ஓடை குறுக்கே வர்ற மணல் துண்டுதான் அதிகமா குடிக்குது. அதை மட்டும் பூசலாம். தெருவை ஒட்டின துண்டை மண்ணாவே விட்டு, களிமண் போட்டு மிதிச்சு விடலாம். கடைமடைக்கு முழுசா இல்ல, ஆனா நடவுக்குப் போதும். இங்க கிணறு இறங்கும். வத்தாதுன்னு நினைக்கிறேன்."

"நெனச்சா போதுமா? வத்தாதுன்னு ஒறுதியாச் சொல்லு!" என்று எங்கள் பக்கத்தில் ஒருத்தர் எகிறினார்.

அவள் உதட்டைக் கடித்தாள். பொய்யாகவாவது 'வத்தாது' என்று சொல்லித் தொலையேண்டி என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். "ஒரு கோடை போகட்டும்ண்ணா. பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.

கூட்டம் கொதித்துவிட்டது. ஆளுக்கு ஒரு பேச்சு. என் தம்பி தலையைக் குனிந்து வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தான். சின்ன வயதில் பசித்தால் அப்படித்தான் சட்டை நுனியைத் திருகுவான். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"எல்லாரும் கேளுங்க. தெருவுலயே வாய்க்காலுக்குப் பக்கத்துல கெடக்குதது எங்க வீட்டுக் கெணறுதான். எறங்குனா மொதல்ல அதுதான் எறங்கும். எறங்கட்டும். நான் கயித்த நீட்டிக் கெட்டிக்கிடுதேன். ஒங்களுக்கு என்ன வந்துச்சு?"

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பஸ்பமாகியிருக்க வேண்டும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவ சொன்னா சொன்னதுதான். நம்ம வீட்டுல யாரு பேச்சு எடுபடுதுன்னு ஊருக்கே தெரியும்லா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மறுபடி முறைக்க முடியாமல் உட்கார்ந்தார்கள்.

உத்தரவு வந்து, அடுத்த வருஷம் வாய்க்கால் அடைப்பில் வேலை நடந்தது. மணல் துண்டைப் பூசினார்கள். எங்கள் தெருப் பக்கம் களிமண் கொட்டி மிதித்தார்கள். அந்த ஆனியில், கார் பருவத்தில், தம்பி ஊரில் நெல் நட்டதாகப் பஸ் கண்டக்டர்தான் வந்து சொன்னார். போட்டோ எடுக்க வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்களாம். எங்கள் கிணறும் அவள் சொன்னபடி இறங்கியது. அடுத்த சித்திரை வைகாசியில் அவள் தினமும் ஆபீஸ் போகுமுன் கிணற்றை எட்டிப் பார்ப்பாள். முகம் கடுகடுவென்று இருக்கும். நானும் பார்ப்பேன். என் வாளி தண்ணீரைத் தொடுமுன் கயிறு முடிந்து, உடம்பைக் கிணற்றுக்குள் வளைக்க வேண்டியிருந்தது. வீராப்பாகப் பேசியாயிற்று, யாரிடம் போய்ச் சொல்ல? அடியில் தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. சேறு தெரியவில்லை. ஆனி பிறந்து சாரல் விழுந்தது. மெதுவாக ஊற்று ஏறியது. பொங்கல் வைத்தேன். பாத்துட்டம்மா இரண்டு கரண்டி கூடுதலாக வாங்கித் தின்றாள்.

ஆவணியில் கல்யாணம். பத்திரிகையை நானே கொண்டுபோய்த் தம்பி கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். வாங்கிக்கொண்டான், வருகிறேன் என்று சொல்லவில்லை. அன்று காலையில் பந்தலில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்துட்டம்மா பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, ஆளே அடையாளம் தெரியாமல் என் பக்கத்தில் நின்றாள். "வருவானாட்டி?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

நாதஸ்வரச் சத்தம் கேட்டது. எங்கள் மேளக்காரர்கள் இல்லை. தெருமுனையில் என் தம்பி, அவன் பெண்டாட்டி, பின்னால் சீர்த்தட்டுகளோடு அவன் ஊர்ப் பெண்கள். பட்டு, பழம், மஞ்சள், மாலை, அவன் வயலில் விளைந்த நெல் ஒரு மரக்காலில். கடைசித் தட்டில், வெற்றிலை பாக்குக்கு நடுவே, புதுத் தேங்காய்நார்க் கயிறு ஒரு சுருணை.

"எம்மா, சீர்வரிசைல கயிறா?" என்று யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

தம்பி மாலையை மகள் கழுத்தில் போட்டான். பிறகு அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு புறவாசலுக்கு நடந்தான். எல்லாரும் பின்னாலேயே போனோம். பழைய கயிற்றை அவிழ்த்துப் போட்டுப் புதுசை வாளியில் கட்டினான், பட்டு வேட்டியில் நார் ஒட்ட ஒட்ட. இறக்கி, இழுத்து, வாளியை அப்படியே சாய்த்துக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தான்.

"அத்தான், இது எங்க வாய்க்காத் தண்ணில்லா?"

 அவர் மீசைக்குக் கீழே என்னமோ துடித்தது. "ஆமாலே மாப்ளே. திருட்டுத் தண்ணிதான். வயிறு முட்டக் குடி."

பந்தலே சிரித்தது. என் தம்பி சிரிக்கும்போது கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. எனக்கு மட்டும் என்ன, புதுச் சேலை முந்தானையே நனைந்தது. அவன் அந்தப் பக்கம் நின்ற பாத்துட்டம்மாவிடம் திரும்பினான்.

"எம்மா, எங்க அக்கா வீட்டுக் கெணறு வத்தாதுல்லா?"

எங்கள் தெருவே கோரஸாக அவளுக்குப் பதிலாகச் சொன்னது. "பாத்துட்டு சொல்றேன்!"

அவளும் சிரித்தாள். முந்தானையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"பாத்துட்டேன்ண்ணா. வத்தாது."

தம்பி அடுத்த வாளியை இறக்கினான்.